அடுக்குப் பிரௌனி: முட்டையில்லா முதற்பாடம்

பிறந்தநாள் என்றால் கோயிலுக்குச் சென்று வணங்கி, வீட்டில் பாயசம் வைத்து, பெரியோரிடம் ஆசி பெறுவதோடு நிறைவுற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று ஆரணியில் தறி ஓடும் தெருவிலும், அரிசி ஆலைக்காரர் வீட்டிலும், ஆசிரியர் குடியிருப்பிலும் கேக்கு வெட்டாத பிறந்தநாள் அரிதாகிவிட்டது. கேக்கின் பின்னே இப்பொழுது பிரௌனி என்னும் பண்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. கரிய நிறமும் ஈரப்பதமும் அழுத்தமான சாக்லேட் சுவையும் கொண்ட சதுரத் துண்டு அது. பள்ளியில் தோழி ஒருத்தி அதனை நீட்டும்போது, வாங்குவதா மறுப்பதா எனத் தெரியாமல் நம் வீட்டுக் குழந்தை தயங்கி நிற்கிறது. "இதில் முட்டை உண்டா?" எனக் கேட்கும் துணிவு எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதில்லை. கேட்டாலும், கொடுத்த குழந்தைக்கு விடை தெரிவதில்லை.

மறுத்து மறுத்தே பழகும் குழந்தை, நம் ஒழுக்கத்தை ஓர் இழப்பாக எண்ணத் தொடங்கிவிடக்கூடும். அகிம்சையை இன்முகத்தோடு கடைப்பிடிக்க வேண்டிய வயதில் அது ஏக்கத்தோடு கடைப்பிடிக்கப்படுமாயின், அவ்வொழுக்கம் எத்தனை ஆண்டு நிலைக்கும்? அக்குழந்தையும் ஒரு டப்பாவைத் திறந்து, "இது எங்கள் வீட்டில் செய்தது, எடுத்துக்கொள்" என்று தோழியர்க்கு நீட்டும் நாள் வந்தால், அந்த ஏக்கம் அன்றே தீரும். அந்நாளுக்கான பாடமே இக்கட்டுரை. இதுவரை ஒருமுறையேனும் கேக்கு வேகவைத்து அறியாத தாய்மார்களையும் இளம்பெண்களையும் கருதி எழுதப்படுகிறது. ஆடவரும் செய்யலாம்; அடுப்புக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது.

ஆசிரியப் பயிற்சியில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விதி ஒன்றுண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. கடலை உருண்டைக்குப் பாகு பதம் பார்க்கவும், மைசூர்பாகு இறுகும் நொடியை மணத்தாலேயே அறியவும் வல்ல கைகளுக்குப் பிரௌனி ஒன்றும் அந்நியமன்று. பெயர்தான் புதிது.

பிரௌனி பிறந்த கதை

இப்பண்டத்தின் கதையில் நமக்கு உவப்பான ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கொலம்பியக் கண்காட்சி நடைபெற்றது. அதன் மகளிர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெர்த்தா பாமர் அம்மையார். கண்காட்சிக்கு வரும் பெண்கள் கட்டுச்சோற்றுப் பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்கதாய், கேக்கைவிடச் சிறியதாய், கையில் எடுத்து உண்ணக்கூடியதாய் ஓர் இனிப்பு வேண்டும் என்று தம் குடும்பத்தாரின் பாமர் ஹவுஸ் ஓட்டல் சமையலறையை அவர் கேட்டார் என்றும், அவ்வாறு உருவானதே இது என்றும் அவ்வோட்டலார் கூறுவர். அச்சில் 'பிரௌனி' என்ற பெயர் ஃபானி ஃபார்மர் என்னும் சமையற்கலை ஆசிரியை 1896இல் வெளியிட்ட நூலில் வந்தது. ஆயினும் அதில் சாக்லேட் இல்லை, வெல்லப்பாகு போன்ற மொலாசஸ்தான் இருந்தது. 1906ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சாக்லேட் சேர்ந்த பிரௌனி இடம் பெற்றது.

அதே 1893இல், அதே சிகாகோவில், அக்கண்காட்சியை ஒட்டியே உலகச் சமயப் பேரவை கூடியது. துறவிகள் கடல் கடந்து செல்லலாகாது என்பதனால், சுவேதாம்பர ஆசாரியர் ஆத்மாராம்ஜி தமக்கு மாற்றாக வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்னும் இருபத்தொன்பது வயது இளைஞரை அனுப்பினார். அயல்நாட்டு மேடையில் சமண நெறியை எடுத்துரைத்த அப்பெருமகனார், மரக்கறி உணவையே உண்டு அங்கே நாட்களைக் கழித்தார். ஒரே ஊரில் ஒரே ஆண்டில் ஒருபுறம் பிரௌனி. மறுபுறம் அகிம்சை உரை. இரண்டும் ஒரே தட்டில் சேர்வதற்குச் சற்றுக் காலம் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

நம் தென்னாட்டிலும் கேக்குக் கலை இன்று நேற்று வந்ததன்று. தலைச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் 1883இல் ஆங்கிலத் தோட்டக்காரர் ஒருவருக்காகக் கிறிஸ்துமஸ் கேக்குச் செய்து கொடுத்த வரலாற்றைக் கேரளத்தார் பெருமையுடன் சொல்வர். முன்பு செய்திராத பண்டத்தை உள்ளூர்ப் பொருள்களையும் கொண்டு அவர் செய்து முடித்தார். நாமும் அவ்வழியே செல்வோம்.

முட்டை செய்யும் வேலை எது?

ஒன்றை நீக்க வேண்டுமாயின், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கேக்கில் முட்டை நான்கு வேலைகளைச் செய்கிறது. சூட்டில் அதன் புரதம் இறுகி மாவைத் தாங்கும் சட்டமாகிறது. அடித்து நுரைக்கும்போது காற்றைப் பிடித்துவைத்து உப்பச் செய்கிறது. அதிலுள்ள லெசித்தின் என்னும் பொருள் நெய்யையும் நீரையும் பிரியாது கட்டிவைக்கிறது. இறுதியாக, ஈரம் தருகிறது.

பஞ்சுபோல் உயர்ந்து நிற்க வேண்டிய கேக்குக்கு முதல் இரண்டும் உயிர். பிரௌனிக்கோ உயரம் பெருமையன்று. அடர்த்தியாய், ஈரமாய், பல்லில் மெத்தென்று ஒட்டுவதே அதன் இலக்கணம். ஆகவே முட்டையை நீக்கியும் ஏறக்குறைய முழுச் சுவையோடு அமையக்கூடிய பண்டங்களுள் இதுவே எளியது. முட்டையில்லாப் பயிற்சியைப் பெரிய ஸ்பாஞ்சு கேக்கில் தொடங்கி மனம் சோர்ந்தவர்கள் பலர். பிரௌனியில் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

ஈரத்துக்கும் கட்டுக்கும் தயிர் போதும். தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் கூடும்போது கரியமில வாயு உண்டாகி மாவைச் சிறிதே உயர்த்துகிறது. மைதாவிலுள்ள புரதம் சட்டமாக நிற்கிறது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரை முட்டை வெண்கருப்போல் நுரைக்கலாம் என்பதை 2014இல் பிரான்சு நாட்டவர் ஒருவர் கண்டறிந்தார். ஆளிவிதைத் தூளை நீரில் ஊறவைத்துச் சேர்ப்பாரும் உளர். இவை நல்லனவே. எனினும் முதற்பாடத்தில் வீட்டில் அன்று உறைந்த தயிரை விட்டு வேறெதையும் தேட வேண்டா.

ஒரு குறை மட்டும் இருக்கும். முட்டையில் சர்க்கரையைக் கரைத்து அடித்துச் செய்யும் பிரௌனியின் மேல், காகிதம்போல் மெல்லிய பளபளப்பான தோல் ஒன்று வெடித்து நிற்கும். முட்டையில்லாததில் அத்தோல் எளிதில் வாராது. மேற்புறம் மங்கலாகவே இருக்கும். படத்தில் கண்டது தட்டில் வரவில்லையே என்று புதியவர் வருந்துவர். அடுக்குப் பிரௌனியை நான் தெரிந்தெடுத்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மேலே இரண்டு அடுக்குகள் வந்து அமர்ந்தபின், அடியிலிருப்பதற்குத் தோல் இருந்ததா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

உறையைப் படிக்கும் பாடம்

செய்முறைக்குச் செல்லுமுன் இப்பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கடையில் வாங்கும் பொருள்களின் உறையில் சைவக் குறியாகிய பச்சைப் புள்ளி இடும் வழக்கம் நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் சட்டமாயிற்று. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அது பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. முட்டை சேர்ந்தது எதுவாயினும் அசைவக் குறியே பெறும். இதுவரை நமக்கு நன்மையே.

ஆனால் அவ்விதிகள் அசைவம் எது என்று வரையறுக்கும்போது பாலையும் பால் பொருள்களையும் விலக்கியதோடு, தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும்கூட விலக்கிவிட்டன. அஃதாவது தேன் கலந்த பண்டமும் பச்சைப் புள்ளியுடனேயே வரலாம். கள், ஊன், தேன் மூன்றையும் நீக்கி வாழ வேண்டிய நமக்குப் பச்சைப் புள்ளி பாதி விடைதான். மீதிப் பாதி, பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் இருக்கிறது. 901 என்ற எண் தேன்மெழுகு, 904 அரக்கு. அரக்கோ சிறு பூச்சிகளிடமிருந்து எடுக்கப்படுவது. பிரௌனியின் மேல் தூவும் வண்ணமணிகளும் வெள்ளி உருண்டைகளும் பளபளப்பது பெரும்பாலும் இத்தகைய மெருகினால்தான். ஆதலால் எண்ணைப் பார்க்காமல் அவற்றை வாங்க வேண்டா. 471 என்னும் கொழுப்புப் பொருள் தாவரத்திலிருந்தும் விலங்கிலிருந்தும் கிடைக்கக்கூடியது. உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் தாவரத்தினின்று வந்தது எனக் கொள்ளலாம். 322 என்பது லெசித்தின். சாக்லேட்டில் அது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவதே, உறையிலும் அவ்வாறே எழுதியிருப்பர்.

வெனிலா எசென்சிலும் கருத்து வேண்டும். வெனிலாக் காயிலிருந்து நேரே வடித்தெடுக்கும் சாற்றுக்கு ஆல்கஹாலே ஊடகம். நம் வீட்டுக்கு ஏலக்காயே போதும். அல்லது ஒரு தேக்கரண்டி கெட்டிக் காப்பி டிகாஷன். காப்பியின் கசப்பு சாக்லேட்டின் சுவையைத் தூக்கிக் காட்டும். காப்பி சேர்ந்ததே தெரியாது.

பேக்கரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்திருக்கும் அடுக்குப் பிரௌனியைப் பற்றி ஒரு சொல். உறையில்லாமல் எடுத்துத் தரும் துண்டில் நாம் படிக்க ஒன்றுமில்லை. 'எக்லெஸ்' என்று சொல்லி விற்றாலும், நடுவே மென்மையாக நிற்கும் கூழ்போன்ற அடுக்கில் ஜெலட்டின் சேர்ந்திருக்கக்கூடும். ஜெலட்டின் விலங்குகளின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. முட்டை இல்லை என்பதாலேயே ஊன் இல்லை என்று ஆகிவிடாது. கேட்டறிந்து வாங்குவதினும் செய்து உண்பது நிம்மதி.

பாத்திரமும் வெப்பமும்

15 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்று வேண்டும். வட்டத்தட்டுதான் இருக்கிறதெனில் 17 சென்டிமீட்டர் விட்டமுள்ளதைக் கொள்க. சதுரத்தின் பரப்பு 225. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 227. எட்டாம் வகுப்பில் படித்த பரப்பளவுக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்ட மாணவியர்க்கு இதோ விடை. பெரிய தட்டில் இதே அளவு மாவை ஊற்றினால் மெலிந்து காய்ந்துவிடும். சிறிய தட்டில் நடு வேகாது.

மின்னடுப்பு இருப்போர் 170 டிகிரி செல்சியசில், மேலும் கீழும் கம்பி சூடாகும்படி வைத்து, 15 நிமிடம் முன்கூட்டியே காயவிட வேண்டும். 1500 வாட் அடுப்பு ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ஆகவே விளக்குக்குரிய 6 ஆம்பியர் செருகியில் மாட்டலாகாது. 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். பழைய வீடுகளில், அதிலும் விசைத்தறி ஓடும் வீடுகளில், மின்பணியாளரை அழைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

மின்னடுப்பு இல்லாதவர் வருந்த வேண்டா. குக்கரில் நீரில்லாமல் வேகவைப்பதைப் பலர் செய்கின்றனர். நீரின்றிச் சூடேற்றுவது குக்கருக்குக் கேடு, ஆதலின் நான் அதைச் சொல்லித் தருவதில்லை. பாட்டி காலத்து அடிகனமான அலுமினியப் பாத்திரம் எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கும். அதன் அடியில் ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு பிரிமணையோ கம்பி வளையமோ வைத்து, மூடி, நடுத்தர நெருப்பில் 10 நிமிடம் காயவிடுக. பின்பு தட்டை இறக்கி, நெருப்பை மிகக் குறைத்து வேகவிட வேண்டும். மூடியின் உட்புறம் பருத்தித்துணி ஒன்றைக் கட்டி, அதன் முனைகளை மேலே தூக்கி முடிந்துகொள்க. நீராவி சொட்டிப் பண்டத்தை நனைக்காது. முனைகள் தொங்கினால் தீப்பிடிக்கும் என்பதை மறக்கலாகாது. அந்த உப்பு பின்னர்ச் சமையலுக்கு ஆகாது. தனி டப்பாவில் வைத்திருந்து மீண்டும் இதற்கே பயன்படுத்தலாம்.

அடி அடுக்கு

மைதா 75 கிராம், கோக்கோத் தூள் 15 கிராம், சமையல் சோடா அரைக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவை உலர்ந்தவை. டார்க் சாக்லேட் 60 கிராம், வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 30 கிராம், அன்று உறைந்த தயிர் 70 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி, காப்பி டிகாஷன் ஒரு தேக்கரண்டி. இவை ஈரமானவை. நாட்டுச் சர்க்கரை சுவைக்காக மட்டுமன்று. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையது, ஆகையால் மறுநாளும் பிரௌனி வறளாது.

கைக்கணக்கிலேயே வாழ்ந்த நம்மவர்க்கு நிறை பார்ப்பது வேண்டாத வேலையாகத் தோன்றும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் கொதிக்கையில் சேர்க்கலாம். அடுப்பினுள் சென்ற பிரௌனியைத் திருத்த வழியே இல்லை. ஆகவே தராசு. குறிப்பாகச் சோடாவில் தாராளம் கூடாது. மிகுந்தால் சவர்க்கார வாடை வீசும்.

உலர்ந்தவற்றை நுண்ணிய சல்லடையில் இருமுறை சலிக்க வேண்டும். மழைக்காலத்தில் மைதாவில் சிற்றுயிர்கள் தோன்றிவிடுவது நாம் அறிந்ததே. எனவே கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காமல், வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தபின்பே சலிப்பது நம் வழக்கத்துக்கு உரியது.

சாக்லேட்டைச் சீவி, வெண்ணெயுடன் ஒரு கிண்ணத்திலிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குக. கிண்ணத்தின் அடி நீரைத் தொடக்கூடாது. ஒரு சொட்டு நீரும் உள்ளே விழக்கூடாது. தனியே உருகும் சாக்லேட்டில் சிறிது நீர் பட்டாலும் அது திரைந்து மணல்போல் ஆகிவிடும். வெண்ணெய் உடன் இருக்கையில் ஓரளவு பிழைக்கும். ஆயினும் எச்சரிக்கை நல்லது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் சர்க்கரை இரண்டையும் சேர்த்துக் கலக்கி, பின்பு தயிர், பால், டிகாஷன். தயிர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற தயிராக இருத்தல் ஆகாது. சாக்லேட் அங்கங்கே கட்டி தட்டிவிடும்.

இனி உலர்ந்தவற்றை அதன் மேல் கொட்டி, கரண்டியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். வெண்மை மறைந்தவுடன் நிறுத்திவிடுக. அப்பால் ஒவ்வொரு சுற்றும் மைதாவின் பசையை வளர்க்கும், பிரௌனி இரப்பராகும். சப்பாத்தி மாவை எவ்வளவு பிசைந்தாலும் நன்று என்று பழகிய கைகள் இங்கே அடங்குவது கடினம்தான். மாவு இட்லி மாவினும் கெட்டியாய், கரண்டியைச் சாய்த்தால் திரளாகச் சரிவதாய் இருக்கும். தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியே வாயு வெளிவரத் தொடங்குவதால், கலந்த மாவைக் காக்க வைக்கலாகாது. பட்டர் பேப்பரைத் தட்டில் இருபுறமும் வெளியே நீட்டி நிற்குமாறு இட்டு, மாவை ஊற்றி, மட்டமாகத் தடவுக. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது அடுக்குப் பண்டத்துக்கே சொன்னதுபோல் இருக்கிறது. பாவு சமனாக இல்லாத தறியில் எவ்வளவு தேர்ந்த கை நெய்தாலும் புடவை சுருங்கும் என்பதை ஆரணி மக்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

மின்னடுப்பில் 22 முதல் 26 நிமிடம். உப்புப் பாத்திரத்தில் 35 முதல் 45 நிமிடம். கேக்கு வெந்ததா என்று ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, குச்சி சுத்தமாக வந்தால் இறக்குவர். பிரௌனிக்கு அது பொருந்தாது. நடுவில் குத்திய குச்சியில் ஈரமான துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வர வேண்டும், அதுவே பதம். பச்சை மாவு வழிந்தால் இன்னும் 4 நிமிடம் விடுக. குச்சி துடைத்தாற்போல் வந்தால் பதம் கடந்துவிட்டது. உண்ணலாம், ஆனால் அது கேக்கு. சூட்டில் தொட்டால் கொழகொழவென்று இருப்பது கண்டு அஞ்ச வேண்டா. சாக்லேட்டின் கொழுப்பும் வெண்ணெயும் ஆறியபின்பே இறுகும். கோடையில் ஆரணி வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், அறைச் சூட்டில் அது இறுகவே இறுகாது. குளிர்பெட்டியில்தான் வைத்தாக வேண்டும்.

நடு அடுக்கும் மேல் அடுக்கும்

அடுக்குகளைத் தெரிந்தெடுப்பதில் ஓர் அறிவு வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாய் இருப்பவை ஏறக்குறைய ஒரே மென்மையுடையனவாய் இருத்தல் வேண்டும். மேலே பாறைபோல் சாக்லேட், நடுவே கூழ்போல் கிரீம் என்று வைத்தால், கத்தி இறங்கும்போது நடுவிலுள்ளது நாற்புறமும் பிதுங்கி ஓடும். மேலும் நம் ஊர் வெப்பத்தில் கிரீமும் தயிரும் நிறைந்த அடுக்கு விரைவில் கெடும். ஆகவே நடுவில் நிலக்கடலை அடுக்கு வைப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு கடலைக்கு எங்கே போவது என்ற கவலை இல்லை.

நிலக்கடலைப் பருப்பு 100 கிராம் எடுத்து, சுருங்கியவற்றையும் கறுத்தவற்றையும் பூஞ்சை படர்ந்தவற்றையும் பொறுக்கி எறிக. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுதும் அழியாது. நல்ல பருப்பை மிதமான தீயில் வறுத்து, தோல் நீக்கி, மிக்சியின் சிறிய சட்னி ஜாரில் விட்டுவிட்டு அரைக்கவும். முதலில் தூளாகும், பின்பு கட்டியாகத் திரண்டு, "இனி ஆகாது" என்று தோன்றும். அங்கே நிறுத்துவோர்தாம் பலர். ஓரங்களை வழித்துவிட்டு மேலும் அரைத்தால் திடீரென எண்ணெய் விட்டுப் பளபளக்கும் விழுதாகும். நீர் சேர்க்கவே கூடாது. அதனுடன் பொடித்த சர்க்கரை 40 கிராம், பால்பவுடர் 25 கிராம், உருக்கிய வெண்ணெய் 20 கிராம், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசைக. பால்பவுடர் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு விழுதுக்கு நிற்கும் தன்மை தரும்.

நிலக்கடலை மண்ணுக்குள் விளைகிறதே என்று சில குடும்பங்கள் தவிர்ப்பதுண்டு. அது கிழங்கன்று, விதை. எனினும் அவரவர் நியமம் அவரவர்க்கு. அத்தகையோர் அதே நிறையில் முந்திரியைக் கொள்ளலாம். முந்திரி கடலையைவிட இனிப்பு. சர்க்கரையை 30 கிராமாகக் குறைத்துக்கொள்க.

அடி அடுக்கு முற்றும் ஆறியிருக்க வேண்டும். புறங்கையை மேலே வைத்தால் வெதுவெதுப்பும் தெரியக்கூடாது. சூடு இருக்கும்போது தடவினால் விழுது உருகி உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அது அடுக்குப் பிரௌனி ஆகாது, கடலைப் பிரௌனி ஆகும். தட்டைக் கரண்டியின் முதுகால் மட்டமாகத் தடவி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கவும்.

மேல் அடுக்குக்கு 80 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாகச் சீவி, 40 கிராம் கிரீமைக் கொதிக்குமுன் சூடாக்கி அதன்மேல் ஊற்றுக. இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெல்லக் கலக்கினால் பளபளப்பான குழம்பாகும். தனிச் சாக்லேட்டை உருக்கி ஊற்றாமல் கிரீம் சேர்ப்பதன் பயன், முன்பு சொன்ன மென்மை ஒப்புமைதான். நம் கடைகளில் எளிதில் கிடைப்பது 'காம்பவுண்ட்' எனப்படும் வகை. அதில் கோக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பிற தாவரக் கொழுப்பு இருக்கும். செலவு குறைவு, உறைவதும் எளிது. சுவையில் மட்டும் அசலுக்கு ஈடாகாது. அடி அடுக்குக்கு அசல் சாக்லேட்டையும் மேலுக்குக் காம்பவுண்டையும் பயன்படுத்தினால் பையும் தாங்கும், நாவும் ஏற்கும். குழம்பு வெதுவெதுப்பாகக் குறைந்தபின் ஊற்றி, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரவச் செய்க. மேலே தூவ விரும்பினால் வறுத்த கடலைத் துண்டுகள் போதும்.

நேரக் கணக்கு

பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்னும் நம் விரதம் இங்கே கால அட்டவணையை வகுத்துத் தருகிறது. பேக்கரிக்காரரைப்போல் இரவு எட்டு மணிக்கு வெட்டும் வழக்கம் நமக்கில்லை. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை பதினொரு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குள் அடி அடுக்கு வெந்து இறங்கும். இரண்டு மணிவரை ஆறவிட்டு நடு அடுக்கு. இரண்டேமுக்காலுக்கு மேல் அடுக்கு. நான்கு மணிக்கு வெட்டு. குழந்தைகள் பள்ளிவிட்டு வரும் நேரமும் அதுவே. அட்டமி, சதுர்த்தசியில் பிறந்தநாள் வந்தால், வீட்டில் உபவாசம் இருப்போரை எண்ணி மறுநாளுக்குத் தள்ளி வைப்பது பண்பு.

வெட்டும்போது பட்டர் பேப்பரின் இரு முனைகளையும் பிடித்து முழுப்பாளமாக வெளியே தூக்கிவிட வேண்டும். நீளமான கத்தியை வெந்நீரில் தோய்த்து, துணியால் துடைத்து, ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே இறக்குக. அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் கரிய நிறம் நடு அடுக்கில் பூசிக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுக்கும் மீண்டும் தோய்த்துத் துடைக்க வேண்டும். பக்கத்துக்கு நான்காக வெட்டினால் பதினாறு துண்டுகள். நான்கு ஓரங்களிலும் அரைச் சென்டிமீட்டர் சீவிவிட்டு வெட்டினால் மூன்று அடுக்கும் பட்டுக்கரைபோல் தெளிவாகத் தெரியும். சீவிய துணுக்குகளை எங்கே வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சமையலறை வாசலில் கைகள் காத்திருக்கும்.

குளிர்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் வெளியே இருக்கும். திருமலைக்கோ பொன்னூர் மலைக்கோ குடும்பத்துடன் செல்லும்போது எடுத்துச் செல்லலாம். வெயில் நாட்களில் மட்டும் மேல் அடுக்கில்லாமல் செய்து எடுத்துச் செல்க, இல்லையேல் டப்பாவின் மூடிதான் சாக்லேட்டை உண்ணும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது டப்பாவின் மேல் ஒரு சிறு தாளில் சேர்மானங்களை எழுதி ஒட்டிவிடுங்கள். கடலை ஒவ்வாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்கள் தாயும் நம்மைப்போலவே உறையைப் படித்துப் பார்ப்பவராக இருக்கலாம்.